செட்டப் காருக்கு மட்டும்தானா?

ராத்திரி பன்னிரண்டே முக்கால் மணி. தண்ணீர் குடிக்க எழுந்து போன என் மனைவி, போன வேகத்தில் திரும்பி வந்து என்னை உலுக்கினாள்.

"ஏனுங்க... தம்பி ரூம்ல யாரையோ போட்டு உதைக்கிற மாதிரி சத்தம் கேக்குதுங்க!"

பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். உதை வாங்கிக்கொண்டிருந்தது ஆள் இல்லை, சுவர்! மேஜை விளிம்பில் ஒரு ஸ்டீயரிங் வீல். கீழே ஒரு பலகையில் பெடல்கள். பிரேக்கை அவன் ஓங்கி மிதிக்கும்போதெல்லாம் அந்தப் பலகை நகர்ந்து சுவரில் 'டம்' என்று மோதுகிறது. உட்கார்ந்திருக்கும் சுழல் நாற்காலி பின்னால் ஓடிவிடாமல் இருக்க, நைலான் கயிறு போட்டுக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். காதில் ஹெட்போன். கழுத்து கொக்கு மாதிரி முன்னால் நீண்டு, மூக்கு திரையைத் தொடுகிற தூரத்தில்.

"என்னடா இது, இந்நேரத்துல?"

"செட்டப் பண்றேம்ப்பா. ரியர் அலையுது. பின்னாடி ஆன்ட்டி-ரோல் பாரை ஒரு கிளிக் லூஸ் பண்ணிப் பாக்கறேன்."

திட்டுவதற்கு வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கோயமுத்தூரில் 34 வருஷம் கார் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்தவன் நான். கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஃபோர்மேன். என் மகனோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வீட்டு ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கக்கூட என்னைத்தான் அனுப்புவான். அவன் வாயிலிருந்து ஆன்ட்டி-ரோல் பாரா!

அன்றிலிருந்து இந்த 'சிம் ரேசிங்' விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்த பிறகு எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் பிடிக்காது, பெற்றவர்களுக்கும் பிடிக்காது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பையன்கள் கார் செட்டப்பில் காட்டுகிற அக்கறை நல்ல அக்கறைதான். ஆனால், ஓட்டுகிறவனின் உடம்பைச் சரிசெய்யாமல் காரைச் சரிசெய்ய உட்காருகிறார்கள். அதனால் உடம்பும் கெடுகிறது, கார் செட்டப்பும் தப்பாகப் போகிறது.

முதலில், இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்காக. சுட்டுத் தள்ளுகிற வீடியோ கேம் வேறு, இது வேறு. என் மகன் ஓட்டுவது இத்தாலிக்காரர்கள் செய்து 2019-ல் வெளியான 'அசெட்டோ கோர்சா காம்பெடிட்ஸியோனே' என்ற மென்பொருள். நிஜ ரேஸ் டிராக்குகளை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளம் உட்பட அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓட்டுவது 'ஜிடி3' என்கிற ரேஸ் கார்கள். பல தேசத்துப் பையன்கள் ஒரு 'லீக்' அமைத்துக்கொண்டு, குறித்த நாளில் குறித்த நேரத்தில் இன்டர்நெட் வழியாக ஒரே டிராக்கில் மோதுகிறார்கள். புள்ளிகள் உண்டு, விதிமுறை உண்டு, முறைகேடாக இடித்தால் தண்டனையும் உண்டு.

வெறும் பொழுதுபோக்கு என்றும் ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மார்டென்பரோ 2011-ல் வீடியோ கேம் ஓட்டுகிறவர்களுக்காக நடந்த போட்டியில் ஜெயித்து நிஜ ரேஸ் காரில் ஏறினார். 2013-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த அணியில் அவரும் ஒருவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரேஸ் புதிதும் இல்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். என் மகனைச் சின்ன வயதில் அந்த டிராக்குக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான்தானே! இப்போது யாரைக் குறை சொல்ல?

சரி, செட்டப் விஷயத்துக்கு வருவோம்.

அவன் அன்று தயாராகிக்கொண்டிருந்தது பெல்ஜியத்தில் உள்ள ஸ்பா டிராக்குக்காக. ஒரு சுற்று 7.004 கிலோமீட்டர். ஜிடி3 காரில் சுற்றிவர சுமார் இரண்டே கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மலைக்காட்டுக்குள் ஏறி இறங்குகிற டிராக் அது. 'ஓ ரூஜ்' என்ற பள்ளத்தில் இறங்கி, உடனே செங்குத்தாக ஏறி, அதன் பிறகு 'கெம்மல்' என்ற நீண்ட நேர்ப்பாதை. அங்கே வேகம் வேண்டுமானால் காரின் பின்பக்க இறக்கையைக் குறைவான சாய்வில் வைக்க வேண்டும். காற்று தடுக்காது, கார் பறக்கும். ஆனால் அதே டிராக்கின் நடுப்பகுதியில் நீளநீளமான வளைவுகள். அங்கே கார் ரோட்டைக் கவ்விப் பிடிக்க அதே இறக்கை நிமிர்ந்து நிற்க வேண்டும். எதையாவது ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். குடும்ப பட்ஜெட் மாதிரிதான்!

அப்புறம் டயர் காற்று. நாம் பெட்ரோல் பங்கில் "முன்னாடி முப்பது, பின்னாடி முப்பது" என்று சொல்லிவிட்டு வருகிறோம். இவர்களுக்கு அப்படி இல்லை. ஓடிச் சூடான பிறகு நான்கு டயரிலும் 26-லிருந்து 27 பவுண்டுக்குள் நிற்க வேண்டும் என்று, புறப்படும்போதே கணக்குப் பண்ணிக் குறைத்து வைக்கிறார்கள். வெயில் ஒன்றிரண்டு டிகிரி மாறினாலும் கணக்கு மாறும். முன்சக்கரத்தின் டோ, கேம்பர், பிரேக் விசையில் எத்தனை சதவீதம் முன்னால் எத்தனை பின்னால்... நான் கிரீஸ் கையோடு கற்றுக்கொண்டதையெல்லாம் அவன் எண்களாகப் படித்து வைத்திருக்கிறான். ஆன்ட்டி-ரோல் பார் விஷயமும் சரிதான். நாங்கள் ஸ்டெபிலைசர் பார் என்போம். முன்பக்கத்துப் பாரை விறைப்பாக்கினால் கார் வளைய மறுக்கும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் வால் பக்கம் சட்டென்று வெளியே ஓடும். ரியர் அலைகிறது என்றால் பின் பாரைத் தளர்த்துவது நியாயமான வைத்தியம்தான்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஃபோர்மேன் புத்தி!

ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் வந்து, "வண்டி இடது பக்கம் இழுக்குதுங்க" என்பார். உடனே அலைன்மென்ட் மிஷினில் ஏற்றுகிறவன் நல்ல மெக்கானிக் இல்லை. முதலில் அவரையே ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். பாதிப் பேர் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரே கையால் ஸ்டீயரிங்கின் உச்சியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். வண்டி இழுக்கவில்லை, அவர்தான் இழுக்கிறார்!

"நீ டைம் எல்லாம் எழுதி வச்சிருக்கியா?" என்று கேட்டேன். நோட்டை நீட்டினான். அழகாக எழுதியிருந்தான். தேதி, நேரம், என்ன மாற்றினான், ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை வினாடி. இந்தப் பழக்கத்துக்காகவே அவனைப் பாராட்ட வேண்டும். என்னிடம் வேலை கற்ற பையன்களில் பாதிப் பேர் இதைச் செய்ததில்லை.

நோட்டைப் புரட்டினால் விஷயம் அப்பட்டமாகத் தெரிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஓட்டிய ஐந்து சுற்றுகளும் ஒன்றுக்கொன்று அரை வினாடிக்குள் இருந்தன. பன்னிரண்டு மணிக்கு மேல் ஓட்டியவற்றில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் ஒன்றரை வினாடி, இரண்டு வினாடி வித்தியாசம். கார் அதேதான். டிராக் அதேதான். அவன் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த நடுராத்திரி நேரத்தில் செய்தவை. இன்னும் வேடிக்கை, மறுநாள் சாயந்திரம் வந்து, "நேத்து போட்ட செட்டப் சரியில்லை" என்று பழையபடி மாற்றியிருக்கிறான். ஒரு வாரமாக இதே கதை. முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி.

"ரியர் அலையலை தம்பி. நீதான் அலையறே" என்றேன்.

முறைத்தான். அப்பா சொன்னதை உடனே ஒத்துக்கொள்கிற பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

களைத்துப்போன டிரைவர் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதிப்பான், பிறகு பதறி அழுத்தி மிதிப்பான். வளைவுக்குள் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிப்பான். எந்தக் காராக இருந்தாலும் வால் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தைப் போக்கக் காரில் கைவைத்தால், தூக்கக் கலக்கத்துக்குத் தகுந்த கார்தான் கிடைக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து மறுநாள் ஓட்டும்போது அது மந்தமாகத் தெரியும். காய்ச்சலோடு டெய்லர் கடைக்குப் போய் அளவு கொடுத்த சட்டை மாதிரி!

மணிக்கட்டு சொன்ன செய்தி

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே அவனுக்கு வலது கட்டைவிரல் அடியில் வலி. டம்ளரைத் தூக்கினால், ஸ்கூட்டர் சாவியைத் திருப்பினால், 'சுள்'ளென்று இழுக்கிறது என்றான். "கம்ப்யூட்டர் மவுஸ் பிடிச்சுத்தாம்ப்பா" என்று சமாளித்தான். டாக்டர் அவன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடச்சொல்லி, கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். "அய்யோ" என்று கத்திவிட்டான். கட்டைவிரலை இயக்கும் தசைநாண்கள் மணிக்கட்டுப் பக்கம் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. ஓயாமல் இறுக்கிப் பிடித்துத் திருகினால் அந்த இடம் தடித்து உரசும். 'டி கெர்வான்' என்று அதற்குப் பெயராம். சில வாரங்கள் கைக்கு ஓய்வு, கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டை என்றார் டாக்டர்.

மவுஸ் ஒரு பங்கு என்றால், இந்த ஸ்டீயரிங் ஒன்பது பங்கு! போனஸ் பணத்தில் அவன் வாங்கிய வீலுக்குள் நேரடியாக ஒரு மோட்டார் இருக்கிறது. காரின் டயர் ரோட்டில் படுகிற பாட்டையெல்லாம் அது கைக்குச் சொல்லும். விலை குறைந்த வீல்களின் விசை 2 நியூட்டன் மீட்டர் சுமாருக்கு இருக்கும். இவனுடையது 8. முப்பது சென்டிமீட்டர் அகல வீலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளிம்பில் கிட்டத்தட்ட ஐந்தரைக் கிலோ இழுப்பு. அதை முழு விசையில் வைத்துக்கொண்டு தினமும் மூன்று மணி நேரம். 25 நியூட்டன் மீட்டர் வரை போகிற வீல்களும் கடையில் இருக்கின்றன. அதைக் கேட்டதும் எனக்கே கை வலித்தது.

"விசையைக் குறைச்சா ரோட் ஃபீல் போயிரும்ப்பா" என்றான். உண்மை நேர் எதிர். மோட்டார் ஏற்கெனவே உச்சத்தில் தள்ளிக்கொண்டிருந்தால், அதற்கு மேல் வரும் நுணுக்கமான அதிர்வுகளைக் காட்ட அதனிடம் விசை மிச்சம் இருக்காது. சவுண்டை முழுதாக வைத்த டீக்கடை ஸ்பீக்கரில் பாட்டு கரகரப்பது போலத்தான். டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்ததும் விசையைப் பாதியாக்கி ஓட்டச்சொன்னேன். இரண்டு நாள் முணுமுணுத்தான். மூன்றாம் நாள், "பின் டயர் வழுக்க ஆரம்பிக்கிறது முன்னைவிடச் சீக்கிரம் தெரியுதுப்பா" என்றான். ரியர் அலைச்சலில் ஒரு பங்கு இதனால்தான் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதிரி வீல்கள், கார் சுவரில் மோதும்போது படீரென்று சுழலும். கட்டைவிரலை ஆரத்துக்குள் கொக்கி மாதிரி மாட்டி வைத்திருந்தால் விரல் என்னாகும்? மோதப்போகிறது என்று தெரிந்த கணமே கையை எடுத்துவிட வேண்டும். நிஜ ரேஸ் டிரைவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் ராத்திரியில் மரத்துப்போனால் அது வேறு கோளாறு, நரம்பு அழுத்தம். ஜண்டுபாம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

காயலாங்கடை சீட்

நாற்காலியை நான் பார்த்துக்கொண்டேன். காயலாங்கடையில் ஒரு பழைய கார் சீட் கிடைத்தது. பேரம் பேசி வாங்கி, இரும்பு ஆங்கிளில் ஃபிரேம் அடித்து, வீலையும் பெடலையும் அதோடு சேர்த்து போல்ட் போட்டுவிட்டேன். சுவர் பிழைத்தது. என் மனைவிக்கும் தூக்கம் கிடைத்தது!

அதில் உட்காரவைத்து, புதிதாக லைசென்ஸ் எடுக்கிறவர்களுக்குச் சொல்வதையே அவனுக்கும் சொன்னேன். பிரேக்கை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகு சீட்டை விட்டு வராமல் கையை நீட்டினால் மணிக்கட்டு வீலின் மேல்விளிம்பில் படவேண்டும். பிடிக்கும்போது முழங்கை மடங்கியிருக்க வேண்டும். இதெல்லாம் சொகுசுக்காக மட்டும் இல்லை. ஸ்பாவில் ஒரு சுற்றுக்கு எட்டு இடத்திலாவது பிரேக் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேர ரேஸில் இருபத்தைந்து சுற்று. ஆக, இருநூறு தடவை அழுத்தி மிதிக்கிறான். அழுத்தத்தை அளக்கும் வகை பெடல் அது, லேசாகத் தொட்டால் வேலை செய்யாது. ஓடுகிற நாற்காலியில் உட்கார்ந்து இருநூறு தடவை மிதித்தால் இடுப்பு என்ன ஆகும்? மிதியும் ஒரே அளவாக விழாது. பிறகு 'பிரேக் பேலன்ஸ் சரியில்லை' என்று அந்த எண்ணை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கழுத்து விஷயம் எனக்குப் புரிய நாளாயிற்று. ஏன் கொக்கு மாதிரி நீட்டுகிறான்? திரையில் தெரிகிற பார்வைக் கோணத்தை மென்பொருளில் நாமே வைக்க வேண்டும். திரை எவ்வளவு பெரிது, கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து அதற்குக் கணக்கு இருக்கிறது. இவன் அகலமாகத் தெரியட்டும் என்று கோணத்தை ஏகத்துக்கும் கூட்டி வைத்திருந்தான். அப்படி வைத்தால் வளைவு உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில், சின்னதாகத் தெரியும். வேகமும் தப்பாகத் தோன்றும். எட்டி எட்டிப் பார்க்கத் தோன்றாமல் என்ன செய்யும்? திரையை வீலுக்குப் பின்னால் கிட்டக் கொண்டுவந்து, நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி உயர்த்தி, கோணத்தைக் கணக்குப்படி வைத்தான். கழுத்து தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை திட்டவில்லை!

கண்ணுக்கும் கொஞ்சம் கருணை வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவைபோல இமைக்கிற நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. போதாததற்கு டேபிள் ஃபேன் நேராக மூஞ்சியில். கண் எரியாமல் என்ன செய்யும்? ஃபேனைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்து விளக்கைப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரும் குடியுங்கள். பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிக்காமல் உட்காருகிற பையன்களும் இருக்கிறார்களாம். என்னத்தைச் சொல்ல!

பன்னிரண்டரை மணி ரேஸ்

கையும் கழுத்தும் சரி. தூக்கம்?

இவனுடைய லீக் ஐரோப்பாக்காரர்கள் நடத்துவது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ரேஸ். அது அவர்களுக்கு எட்டு மணி. குளிர்காலத்தில் நமக்குப் பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை. அவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தெம்பாக உட்காருகிற நேரத்தில், நம் பையன் பதினெட்டு மணி நேரம் விழித்திருந்து களைத்துப்போய் உட்காருகிறான். ஞாயிறானாலும் எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு மேல் தூங்க முடியாது. குக்கர் விசில் விடாது.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிப்பதே 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டு மது தொடாத பிள்ளை, குடித்தவன் கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

இதைச் சொன்னதும் அவன் ஒரு துருப்புச்சீட்டைப் போட்டான். "வெர்ஸ்டாப்பன் தெரியுமாப்பா? 2024 மே மாசம் இமோலா ரேஸ் வீக் எண்ட்லயே கம்ப்யூட்டர்ல 24 மணி நேர ரேஸும் ஓட்டினாரு. மறுநாள் நிஜ ரேஸையும் ஜெயிச்சாரு!"

உண்மைதான், ஜெயித்தார். ஆனால் அதே வருஷம் ஜூலையில் ஹங்கேரியில் என்ன நடந்தது என்று நானும் தேடிப் படித்துவிட்டேன். அதே மாதிரி விடியற்காலை மூன்று மணிவாக்கில் வரை கம்ப்யூட்டரில் ஸ்பா 24 மணி நேர ரேஸ். மறுநாள் நிஜ ரேஸில் ரேடியோவில் கோபதாபம், ஹாமில்டன் காரோடு மோதல், ஐந்தாம் இடம். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார் அவர். இருக்கலாம். அவர் அப்போது உலக சாம்பியன், பக்கத்திலேயே பயிற்சியாளரும் உண்டு. மறுநாள் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் அவினாசி ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகவேண்டியதில்லை!

என் மகனுக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு திங்கள்கிழமை, சிக்னலை நெருங்கும்போது ஒரே ஒரு கணம் கண் சொக்கியிருக்கிறது. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கம் கண்ணுக்கு முன் வந்த பிறகுதான் பிரேக் பிடித்திருக்கிறான். வண்டி சரிந்து முழங்காலில் சிராய்ப்பு, பேன்ட் கிழிசல். ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் வந்த லாரி நின்றுவிட்டது. அவன் இதை எங்களிடம் உடனே சொல்லவில்லை. கிழிந்த பேன்ட் துவைக்கிற கூடையில் கிடந்ததைப் பார்த்து அவன் அம்மாதான் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. கம்ப்யூட்டர் ரூம் கதவுக்கு வெளியே வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் கார் மோதினால் ஒரு பட்டன் தட்டி மறுபடி ஆரம்பிக்கலாம். அவள் வேறு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். லீக்கை விடு என்று நான் சொல்லவில்லை. பெற்றோர்கள் இங்கேதான் தப்புப் பண்ணுகிறோம். ரேஸ் நடக்கும்போது பிளக்கைப் பிடுங்குகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். அதனால் விளையாட்டு நிற்காது, கதவுதான் தாழ் போட்டுக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனமே 'கேமிங் கோளாறு' என்று ஒன்றைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் அடையாளம் மணிக்கணக்கு இல்லை. தன் கட்டுப்பாடு போய், வேலை, உறவு எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகி, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல், பொதுவாக ஒரு வருஷமாவது தொடர வேண்டும். அப்படி இருந்தால் மனநல டாக்டரிடம் போகத்தான் வேண்டும். நோட்டுப் போட்டு டயர் காற்று எழுதுகிற பையனை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

அவனிடமே கேட்டோம். "செட்டப் பண்றப்போ ஒரு நேரத்துல ஒண்ணைத்தானே மாத்துவே? இப்ப எதை முதல்ல மாத்தலாம், நீயே சொல்லு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் செட்டப்பில் கைவைப்பதில்லை என்றான். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது மாற்றம், ரேஸ் நாளில் சாயந்திரம் ஒன்றரை மணி நேரத் தூக்கம். மூன்றாவது, பதினோரு மணிக் காப்பிக்கு டாட்டா. அதிலுள்ள கஃபீனில் பாதி, விடியற்காலை நாலு மணிக்கும் உடம்பில் இருக்குமாம். இவ்வளவும் செய்த பிறகும், பன்னிரண்டரை மணி ரேஸுக்கு மறுநாள் ஸ்கூட்டர் கிடையாது, டவுன் பஸ்தான் என்று அவன் அம்மா போட்ட நிபந்தனைக்கும் தலையாட்டினான். அடுத்த சீசனுக்கு நம் நேரத்துக்கு ஒத்துவருகிற ஆசிய லீக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான்.

நோட்டு இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது. செட்டப் மாற்றங்கள் வாரத்துக்கு இருபதிலிருந்து நாலைந்தாகக் குறைந்துவிட்டன. ஸ்பாவுக்குப் பின் இறக்கையை அவன் ஆசைப்பட்டதைவிட இரண்டு கிளிக் கூட்டி வைக்கச்சொன்னேன். கெம்மல் நேர்ப்பாதையில் கொஞ்சம் வேகம் குறைந்தது. ஆனால் கார் இருபத்தைந்து சுற்றும் ஒரே மாதிரி நடந்துகொண்டது, அவனுக்கு வேர்க்கவில்லை. ஒரே ஒரு சுற்றை அதிவேகமாக ஓட்டுகிற செட்டப் வேறு, ஒரு மணி நேரம் மனுஷன் ஓட்டக்கூடிய செட்டப் வேறு என்று டாக்ஸிக்காரர்களுக்கு நான் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன்.

ஸ்பா ரேஸில் என்ன இடம் என்று கேட்பீர்கள். முப்பது பேரில் பதினோராவது! அதற்கு முந்தைய ரேஸில் முதல் சுற்றிலேயே சுவரில் மோதி வெளியே வந்தவன். ரேஸ் முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது மணி ஒன்றே முக்கால். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "ரியர் பாரை இன்னும் ஒரு கிளிக் குறைச்சிருந்தா ஒம்பதாவது வந்திருப்பேம்ப்பா" என்றான்.

"நாளைக்குச் சாயந்திரம் பாக்கலாம். இப்ப பால் சூடா இருக்கு, குடிச்சிட்டுப் படு" என்றாள் அவன் அம்மா, எனக்குப் பின்னாலிருந்து.